தேவதாருவில் செருகிய கத்தி

பெல்டோ, மிச்சிகன்
4 பிப்ரவரி 1996

அன்புள்ள தம்பி ரெய்னோவுக்கு,

அக்கா லெம்பி எழுதுவது. நான் நலம். இடது முழங்கால் மட்டும் என்னோடு சேராமல் தனியாக வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? டொலீடோ துறைமுகத்தில் கட்டிப்போட்ட கப்பலுக்குக் காவல் இருப்பவனுக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்கிறார்கள். கப்பல் எழுந்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஏரி உறைந்ததும் வருஷா வருஷம் வீட்டுக்கு வருகிறவன் இந்தக் குளிருக்கு ஏன் வரவில்லை என்றும் கேட்கிறார்கள். அதை நீயே எழுது.

இங்கே பனி சமையலறை ஜன்னலின் பாதிக்கு ஏறிவிட்டது. மான்கள் எல்லாம் நம் தேவதாருச் சதுப்புக்குள் ஒதுங்கிக் கிடக்கின்றன. கழுத்து எட்டும் உயரம் வரை ஓர் இலை மிச்சமில்லை. விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். நேற்றுத் தீவனக் கடை வெய்கோ, நீ சொல்லிவைத்த மக்காச்சோளத்தை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். இருபது மூட்டை. "உன் தம்பி இருக்கானே, மானுக்கெல்லாம் மாப்பிள்ளை விருந்து வைக்கிறான்" என்று சிரித்தான். இத்தனை வருஷம் நீ செய்ததை இந்த வருஷம் நான் செய்கிறேன். சறுக்குவண்டியில் ஏற்றி இன்று எட்டு மூட்டையைக் கொண்டுபோய்க் கொட்டினேன். ஒன்றுகூட ஓடவில்லை. ஒரு பெட்டை மான் வந்து என் கையுறையை முகர்ந்தது. பசிக்கு முன்னால் பயம் எல்லாம் எங்கே? எனக்கு அழுகை வந்துவிட்டது.

கயோட்டிகள் பகலிலேயே ஊளையிடுகின்றன. நாம் சின்னவர்களாக இருந்தபோது புதர் ஓநாய் என்று சொல்லி, வருஷத்துக்கு ஒன்று கண்ணில் பட்டால் ஒரு வாரம் அதையே பேசுவோம். இப்போது தபால் பெட்டிக்குப் போனால் முன்னால் நடக்கின்றன. பக்கத்து வீட்டுப் பூனைகள் மூன்றும் போய்விட்டன.

சூடாகச் சாப்பிடு. கப்பலில் மற்றவர்களுக்குச் சமைக்கிறவன் தனக்குச் சமைப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

உன் அக்கா,
லெம்பி


டொலீடோ
17 பிப்ரவரி 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, பல்வலி வந்திருக்கிறது. உன் முழங்காலுக்குச் சனிக்கிழமைதோறும் சவ்னா நீராவி அறையில் நன்றாக வெந்நீர் ஒற்றடம் கொடு. இங்கே சவ்னாவும் இல்லை, பேச ஆளும் இல்லை. காவலுக்கு ஆள் கேட்டார்கள், நான் ஒப்புக்கொண்டேன், அவ்வளவுதான்.

சோளத்தை மொத்தமாகக் கொட்டாதே அக்கா. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. ஒரு நாளைக்கு ஒரு வாளி போதும். மறந்துவிடாதே.

கயோட்டியைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் ரத்தம் கொதித்தது. நம் மான்களை அழிப்பது அவைதான். போன வருஷமே நான் எல்லோரிடமும் சொன்னேன். மனிதன் நவம்பரில் இரண்டு வாரம் வேட்டையாடுகிறான், அவை வருஷம் முழுக்க வேட்டையாடுகின்றன. ஒரு முடிவு கட்டியாக வேண்டும்.

இன்னொன்று. மார்க்கெட் பக்கம் போனால் எனக்கு நல்ல கத்தி ஒன்று வாங்கி வை. அப்பா கொடுத்த பிர்ச் மரப்பிடிக் கத்தி ஏரியில் விழுந்ததிலிருந்து கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. நவம்பரில் உன் சமையலறைக் கத்தியால் மான் உரித்துப் பட்ட பாடு போதும்.

மான்கள் எப்படி இருக்கின்றன என்று எழுது.

தம்பி,
ரெய்னோ


பெல்டோ
24 மார்ச் 1996

அன்புள்ள ரெய்னோவுக்கு,

பல்லைப் பிடுங்கிவிட்டாயா? வலியோடு கப்பல் ஏறாதே. நடு ஏரியில் பல் டாக்டர் கிடைக்க மாட்டார்.

தாமதமாக எழுதுவதற்குக் காரணம் ஆடுகள். பதினோரு குட்டி, அதில் இரண்டு ஜோடி இரட்டை. கொட்டகைக் கூரையில் பனி பாரம் தாங்காமல் ஒரு சட்டம் முறிந்தது, முட்டுக் கொடுத்திருக்கிறேன். முழங்கால் பரவாயில்லை. இறைச்சி அடைத்த பாஸ்டி சுட்டேன், முள்ளங்கி போட்டது, உனக்குப் பிடித்த மாதிரி. தனியாகத் தின்றேன்.

இரண்டாவது வண்டிச் சோளம் வேண்டாம் என்று வெய்கோவிடம் சொல்லிவிட்டேன். முதல் வண்டியிலேயே பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

மான்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். பனி உருகட்டும்.

கத்தி இன்னும் வாங்கவில்லை.

லெம்பி


டுலூத் துறைமுகம்
12 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம், பல் போயிற்று. நீ சௌக்கியமா என்று கேட்கக்கூடக் கோபமாக இருக்கிறது.

நம் சதுப்பில் பத்தொன்பது மான் செத்துக் கிடப்பதை வெய்கோ எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? பத்தொன்பது! சுற்றிலும் கயோட்டித் தடமாம், பாதி தின்று போட்டிருக்கின்றனவாம். நீ எனக்குப் பாஸ்டியைப் பற்றி எழுதுகிறாய்.

வெய்கோ தலைவராக இருக்கும் வேட்டைச் சங்கத்தில் போட்டி வைக்கிறார்கள். அக்டோபரில், மான் சீசனுக்கு முன்னால், ஒரு நாள். அதிகக் கயோட்டி சுடுகிறவனுக்கு முதல் பரிசாக என் துப்பாக்கியையே தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆமாம், என் துப்பாக்கிதான். நம் கேட் வழியாக நாய்களோடும் வண்டிகளோடும் சதுப்புக்குள் போகலாம் என்று அனுமதியும் கொடுத்திருக்கிறேன். அங்கேதான் அவை குட்டி போடுகின்றன. சாவியை வெய்கோவிடம் கொடுத்துவிடு.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

ரெய்னோ


பெல்டோ
28 ஏப்ரல் 1996

அன்புள்ள ரெய்னோவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக, உட்கார்ந்த நிலையில் இதைப் படி.

சாவியைக் கொடுக்க மாட்டேன்.

மான்களைப் பற்றி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். நான் சோளம் கொட்டிய மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். கொட்டிய இடத்தைச் சுற்றி ஏழு மான் கிடந்தது. கால்களை மடக்கி, தூங்குகிற மாதிரி. பனியில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, துரத்திய தடம் இல்லை, உதறிய தடம் இல்லை. மறுநாள் இன்னும் ஐந்து, அந்த வாரத்துக்குள் மொத்தம் பத்தொன்பது. அதற்கு அடுத்த வாரம்தான் கயோட்டிகள் வந்தன. அவை வந்தது துஷ்டி வீட்டுக்குத்தான், கொலை செய்ய இல்லை.

மூன்றைக் கிழித்துப் பார்த்தேன். இரைப்பை பானை மாதிரி உப்பி நின்றது. உள்ளே சோளம். மஞ்சள் மஞ்சளாக, சாக்கிலிருந்து இப்போதுதான் கொட்டியது போல. புளித்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. டிசம்பரிலிருந்து மரப்பட்டையும் கிளை நுனியும் தின்று காய்ந்த வயிறு அது. அதற்குள் திடீரென்று சோளம் போனால் வயிறு புளித்து, அந்தப் புளிப்பே ஆளைக் கொல்லும். எனக்குத் தெரியாததா? பட்டினி கிடந்த ஓர் ஆட்டுக்கு நான் ஒரு கைப்பிடிச் சோளம் போடுவேனா? மானுக்கு எட்டு மூட்டை போட்டேன். ஆடு என் ஆடு, அதனால் யோசிப்பேன். மான்மேல் இரக்கம் வந்தது, யோசிக்கவில்லை.

நம் ஊரில் எத்தனை வீட்டுப் பின்புறத்தில் இப்படிக் கொட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எல்லோரும் நல்ல மனசோடு கொட்டினார்கள். பனி உருகியதும் எலும்பைச் சுற்றிக் கயோட்டித் தடத்தைப் பார்த்துவிட்டு, நல்ல மனசோடு பழியையும் அதன்மேல் போட்டுவிட்டார்கள்.

நான் ஒன்றும் கயோட்டிக்கு வக்கீல் இல்லை. இந்த மாதம் என் குட்டிகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மூன்றாவதற்கு வந்தபோது கொட்டகை வாசலிலேயே சுட்டேன். மே மாதத்தில் மான்குட்டிகளையும் தின்னும், அதுவும் தெரியும். அது செய்ததற்கு அதைக் கேள், நானும் கூட வருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்று எழுதினாயே. உன் கடிதம் வந்து சேர்ந்தபோது கொட்டியாகிவிட்டது. ஆனால் ஏன் கொஞ்சம் கொஞ்சமாக என்று நீ எழுதவில்லை.

குளிரில் மேல்தளத்தில் நிற்காதே.

லெம்பி


கப்பலிலிருந்து, டெட்ராய்ட் தபால் படகு வழியாக
21 ஜூன் 1996

அக்காவுக்கு,

நலம். உன் நலத்தை அறிய ஆவல்.

சோளக் கதையை வெளியில் யாரிடமும் சொல்லாதே. ஊர் முழுக்க வருஷக்கணக்காகப் போடுகிறது. எல்லோரையும் கொலைகாரர்கள் என்கிறாயா? அந்தச் சோளம் நான் அனுப்பியது. என்னையும் சொல்கிறாயா? குளிரில் மான் சாகும், எப்போதும் செத்திருக்கிறது. மிச்சத்தைக் கயோட்டி முடிக்கிறது.

நிலத்தில் பாதி என் பெயரில் இருக்கிறது. நான் கொடுத்த அனுமதி கொடுத்ததுதான்.

மருந்து ஒழுங்காகச் சாப்பிடு.

ரெய்னோ


பெல்டோ
14 ஜூலை 1996

அன்புள்ள ரெய்னோவுக்கு,

இங்கே நான், ஆடுகள், முழங்கால் மூவரும் சுகம். கொசு மட்டும் நம்மைவிட அதிக சுகமாக இருக்கிறது. அடுப்படிச் சூட்டில் நீ எப்படி இருக்கிறாய்?

உன் கத்தி கிடைத்துவிட்டது. ஏரியில் விழுந்தது என்றாயே, அது அங்கேயே கிடக்காமல் நூறு மைல் தரைவழியாக நடந்து வந்து நம் சதுப்பில் ஒரு தேவதாரு மரத்தில் ஏறிச் செருகிக்கொண்டிருக்கிறது. நாம் இரண்டு பேரும் ஸ்டிராபெரி பறிக்கப் போவோமே, அந்த மேட்டுக்குக் கீழே, நான் இந்த வருஷம் சோளம் கொட்டிய இடத்திலிருந்து ரொம்ப தூரம் தள்ளி. பிர்ச் மரப்பிடி, அப்பா அதில் சூடுவைத்துப் பொறித்த இரண்டு எழுத்து, எல்லாம் அப்படியே இருக்கிறது. வேலை செய்யும்போது கத்தியைத் தரையில் வைக்காமல் பக்கத்து மரத்தில் நெஞ்சு உயரத்தில் குத்தி வைக்கிற பழக்கம் உனக்கு மட்டும்தான் உண்டு.

ஆனால் இது என் தலைக்கு மேலே ஒன்றரை முழத்தில் இருக்கிறது. குதித்துப் பார்த்தேன், எட்டவில்லை. கோடையில் நின்று அந்த உயரத்தில் யாரும் குத்த முடியாது. ஆள் உயரத்தில் பாதிக்குக் கிடக்கும் பனியின்மேல் நின்றால்தான் முடியும். மரத்தடியில் பழைய எலும்புகள், பாசி படிந்தவை. இந்த வருஷத்து எலும்பு இல்லை.

போன வருஷம் மார்ச்சில், கப்பல் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போதே நீ மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினாய். சொல்லாமல்கூட. மேஜையில் உன் காபி பாதி இருந்தது.

நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கொட்டகையில் ஏணி இருக்கிறது, ஆனால் கத்தியை எடுக்கவில்லை. குத்தியவனே வந்து எடுக்கட்டும்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி ஊர் மண்டபத்தில் போட்டியைப் பற்றிக் கூட்டம். நான் பேசப்போகிறேன். நான் செய்ததை மட்டும்.

லெம்பி


பெல்டோ
13 ஆகஸ்ட் 1996

அன்புள்ள ரெய்னோவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? பதில் எழுதப் பிடிக்காவிட்டால் வெறும் தாளையாவது அனுப்பு, உயிரோடு இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

கூட்டத்தைப் பற்றி வெய்கோ எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். மண்டபத்தில் உட்கார இடமில்லை. வெய்கோ மேடையில் ஏறினான்.

"நம்ம சதுப்புல பத்தொம்பது மான் செத்துக் கெடந்துச்சுப்பா. சுத்திச் சுத்திக் கயோட்டித் தடம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

நான் எழுந்தேன். "வெய்கோ, உன் கடை வாசல்ல வாரம் தவறாம என் செருப்புத் தடம் இருக்கு. அதுக்காகக் கடையக் கட்டினது நான்தான்னு சொல்லுவியா?"

சிரிப்பு எழுந்தது. அது அடங்கியதும், "அந்தப் பத்தொம்பதையும் கொன்னது நான்" என்றேன்.

"லெம்பி அத்தை, இன்னைக்குக் காபி ஒரு கப் கூடிருச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவன். மறுபடி சிரிப்பு.

"சிரிச்சு முடிங்க. எனக்கு அவசரம் இல்ல, நிக்கிறேன்."

ஜாம் பாட்டில் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். மான் வயிற்றிலிருந்து எடுத்துக் காயவைத்த சோளம். மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், எட்டு மூட்டை, மூன்றாம் நாள், மடக்கிய கால், நாற்றம், எல்லாம்.

"நீ ஒண்ணும் டாக்டர் இல்ல" என்றான் வெய்கோ.

"இல்ல. நாப்பது வருஷமா ஆடு வளக்குறவ. பசியில கெடந்த ஆட்டுக்கு இதைக் கொட்டினா என்ன ஆகும்னு உன் கடைச் சாக்குலயே அச்சடிச்சிருக்கு. சாக்க விக்கிறியே, ஒரு நாளாவது படிச்சியா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "அப்போ கயோட்டி ரொம்ப நல்லவன், அப்படித்தானே?"

"யார் சொன்னா? என் குட்டியத் தூக்க வந்ததச் சுட்டவ நான். அது செஞ்சதுக்கு அதச் சுடுவேன். நான் செஞ்சதுக்கு அதச் சுட மாட்டேன். என் கேட்டு வழியா ஒருத்தரும் போக முடியாது."

யாரோ கேட்டார்கள், "உன் தம்பி என்ன சொல்றான்?"

"அவன் கப்பல்ல சமைச்சுக்கிட்டு இருக்கான். சோளத்த இழுத்துட்டுப் போனது என் கை."

அவ்வளவுதான் சொன்னேன் ரெய்னோ. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை என் சவ்னாவுக்கு ஒருவரும் வரவில்லை. எப்போதும் ஆறு பேராவது வருவார்கள். நான் தனியாக உட்கார்ந்து வெந்தேன். வெய்கோ இனி எனக்குத் தீவனம் தர மாட்டானாம். நாற்பது மைல் போய் வாங்கிக்கொள்கிறேன். கோபம்தான் வருகிறது, பயம் வரவில்லை.

உன் அக்கா,
லெம்பி


பெல்டோ
13 அக்டோபர் 1996

ரெய்னோவுக்கு,

நலமா? மூன்று மாதத்துக்கு மேலாக உன் கையெழுத்தைப் பார்க்கவில்லை. வெய்கோவுக்கு மட்டும் எழுதுகிறாயோ என்று அவனிடம் கேட்டால் அவனுக்கும் இல்லையாம். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரே குறை அதுதான்.

நேற்றுப் போட்டி. விடிந்ததும் சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்கு நடுவே போட்டு உட்கார்ந்தேன். ஃப்ளாஸ்க்கில் காபி, கையில் பின்னல். உனக்குத்தான் காலுறை, கோபத்தில் ஒரு கால் பெரிதாகப் போய்விட்டது.

ஏழு வண்டி வந்தது. நாய்கள் கூண்டுக்குள் கத்திக்கொண்டிருந்தன.

"அத்தை, வழி விடுங்க. வண்டி திரும்ப எடம் இல்ல."

"பின்னாடியே போ. வந்த மாதிரியே."

வெய்கோ இறங்கி வந்து உன் கடிதத்தை நீட்டினான். "இது உன் தம்பி கையெழுத்துதானே? பாதி நெலம் அவனுது. அவன் வரச் சொல்லிட்டான்."

"ஒத்துக்கிறேன். சதுப்புல பாதி தண்ணி. அவன் பாதி அதுதான். படகு கொண்டாந்திருக்கியா?"

வண்டிக்குள் இருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். வெய்கோ சிரிக்கவில்லை. "உன்னைத் தூக்கி ஓரமா வச்சுட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும் லெம்பி?" என்றான்.

"தூக்கு. ஆனா முழங்கால் வலி, மெதுவா வை."

ஒருவரும் தூக்கவில்லை. அரை மணி நேரம் நின்றார்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பின்னால் போயிற்று. கடைசி வண்டி மட்டும் போகவில்லை. மரம் வெட்டுகிற டைஸ்டோ. இறங்கி வந்து என் ஃப்ளாஸ்க் மூடியிலேயே காபி ஊற்றிக் குடித்தான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"என் வீட்டுக்குப் பின்னாடி ஆறு அக்கா. நானும் சோளம்தான் போட்டேன். நீங்க சொன்னப்புறம்தான் ஒண்ணைத் தோண்டிப் பாத்தேன்."

"மண்டபத்துல வாயத் தொறக்கலையே நீ."

"தொறக்கல." ஃப்ளாஸ்க் மூடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். "மானுக்குச் சாப்பாடு போடணும்னா காட்டுலயே இருக்கு. நான் மேப்பிள் வெட்டிச் சாய்ச்சா உச்சிக் கிளைய மொய்ச்சுக்கிட்டுத் திங்குது. அதோட வயித்துக்குப் பழகினது அதுதான். இப்பல்லாம் ரம்பத்த ஸ்டார்ட் பண்ணினாலே போதும், சத்தம் கேட்டு வந்து வரிசையா நிக்குது."

போட்டி வேறு இடங்களில் நடந்தது. இருபத்தேழு சுட்டார்கள், தீவனக் கடை வாசலில் அடுக்கிப் படம் எடுத்தார்கள். உன் துப்பாக்கியை யாரோ தெற்கிலிருந்து வந்த ஆள் ஜெயித்தான், நம் ஊர்ப் பெயரைக்கூட அவனுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

இன்று காலை கயோட்டி ஊளையிட்டது. எண்ணிக்கை குறைந்த மாதிரித் தெரியவில்லை.

லெம்பி


சூ லாக்ஸ் கப்பல் கால்வாய்
3 நவம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

போன வருஷம் மார்ச்சில் நான்தான் அங்கே சோளம் போட்டேன். பன்னிரண்டு மூட்டை. நான்கு நாள் கழித்துப் போனேன். நீ பார்த்ததையே பார்த்தேன். ஒன்றைக் கிழித்தேன். சினை மான் அக்கா, உள்ளே இரண்டு. அந்த மஞ்சளைப் பார்த்ததும் கத்தியை மரத்தில் குத்திவிட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்து ஓடினேன், கத்தியை எடுக்கத் திரும்பிப் போகத் தைரியம் வரவில்லை. நான் முப்பது வருஷமாக நவம்பரில் ஒரு கொம்பன் மானைச் சுட்டுவிட்டு, குளிர்காலத்தில் சோளம் போட்டுக் கணக்கைச் சரிசெய்கிறவன் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குள் வந்ததும் வெய்கோ கேட்டான், "என்னடா மூஞ்சி வெளிறிக் கெடக்கு?" "சதுப்புல மான் செத்துக் கெடக்குது, கயோட்டி" என்றேன். ஊரில் அதை முதலில் சொன்னது நான். ஒரு வார்த்தை. அது எனக்கு முன்னால் வீடு வீடாகப் போய்விட்டது. பிறகு நானே அதை நம்ப ஆரம்பித்தேன். நம்புவது சுலபமாக இருந்தது.

வெய்கோவிடம் சோளம் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். அதனால் நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பார்க்க வேண்டாம் என்று டொலீடோவிலேயே இருந்துவிட்டேன். என் கொலையை உன் கையில் கொடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்து பல்வலி என்று எழுதினேன். மண்டபத்தில் நீ என் பெயரைச் சொல்லவில்லை என்று டைஸ்டோ எழுதியிருந்தான். அதைப் படித்த அன்று இருபத்தெட்டு பேருக்குச் சமைக்க வேண்டியதை என்னால் சமைக்க முடியவில்லை.

இந்த நவம்பருக்கு வரவில்லை. துப்பாக்கியும் இல்லை, முகமும் இல்லை. என்னை மன்னித்துவிடு.

ரெய்னோ


பெல்டோ
18 நவம்பர் 1996

அன்புள்ள ரெய்னோவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் சாப்பிட்டு சௌக்கியமாக இரு. இருபத்தெட்டு பேரைப் பட்டினி போட்டால் என் கணக்கில் இன்னொரு பாவம் சேரும்.

மூன்று நாளாகச் சீசன். சந்தியில் வேட்டை மானைக் கட்டித் தொங்கவிடும் கம்பத்தில் நான்கே நான்கு கொம்பன் தொங்குகிறது. முப்பதுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், கயோட்டி என்கிறார்கள். இருபத்தேழைச் சுட்ட பிறகும் கயோட்டி. ஜனவரிக்கு வெய்கோ கடையில் சோள மூட்டை இப்போதே கூரை வரை அடுக்கியாயிற்று.

மன்னிப்பு என்று கேட்டிருக்கிறாய். நான் தர மாட்டேன், இப்போது இல்லை. இது உனக்கும் எனக்கும் நடுவில் தீர்கிற விஷயமாக இருந்தால் கடிதத்திலேயே முடித்திருப்பேன். நான் சொன்னால் பைத்தியக்காரி, காபி அதிகம் குடித்தவள் என்பார்கள். முதலில் கயோட்டி என்று சொன்னவன் நீ. திரும்பச் சொல்ல வேண்டியவனும் நீ. மூட்டைகள் கடையை விட்டு வெளியே போவதற்கு முன்னால் வந்து சொல். சொல்லிவிட்டு எத்தனை பேர் உன் முகத்தில் கதவைச் சாத்துகிறார்கள் என்று எண்ணு, நானும் எண்ணியிருக்கிறேன், செத்துப்போகவில்லை. எனக்குத் துணை வேண்டும் ரெய்னோ, வருத்தம் வேண்டாம்.

டைஸ்டோ ஒரு ரம்பம் தருவதாகச் சொல்கிறான். எனக்கு இந்த முழங்காலோடு பனியில் நின்று மானுக்கு மரம் சாய்க்க முடியாது.

காலுறை தயார். பெரிய கால் வலது.

லெம்பி


டுலூத் துறைமுகம்
9 ஜனவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்காலுக்கு நாய்த்தோல் பட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன், கடைக்காரன் சத்தியம் செய்தான்.

பதினாறாம் தேதி கப்பலைக் கட்டிப்போடுகிறார்கள். பதினெட்டு, சனிக்கிழமை, பஸ்ஸில் வந்து இறங்குவேன். இந்தக் குளிருக்குக் காவல் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

வெய்கோவுக்கும் சங்கத்துக்கும் தனித்தனியாக எழுதிவிட்டேன். அன்று மதியம் கூட்டம். மண்டபத்தில் இல்லை, நம் சதுப்பில், ஸ்டிராபெரி மேட்டுக்குக் கீழே. நடந்து வர முடிந்தவர்கள் எல்லோரும் வர வேண்டும், பார்க்காமல் பேசக்கூடாது என்று எழுதியிருக்கிறேன். வெய்கோ வராவிட்டால் அவன் கடை வாசலிலேயே நின்று சொல்வேன், வாடிக்கையாளர்கள் எதிரில். கேட்டைத் திறந்து வை அக்கா, இந்த ஒரு நாள் மட்டும்.

டைஸ்டோவின் ரம்பத்துக்குச் சங்கிலி என்ன அளவு என்று கேட்டு எழுது, புதிதாக வாங்கி வருகிறேன். சவ்னாவை மூட்டி வை. ஆறு பேர் வராவிட்டாலும் இரண்டு பேர் இருப்போம்.

ஏணியைக் கொட்டகையிலேயே விட்டுவிடு. கத்தியை யாரும் தொட வேண்டாம். அதற்குள் பனி ஏறியிருக்கும். நான் எந்த உயரத்தில் நின்று குத்தினேனோ அந்த உயரத்தில் நின்று, அவர்கள் பார்க்க எடுக்கிறேன்.

தம்பி,
ரெய்னோ